கேப்சூல் கொழுப்பைக் கரைக்குமா? கல்யாண உக்கிராணத்தில் ஒரு சுற்று

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என்று எங்கே மெடிக்கல் ஷாப்பில் நுழைந்தாலும் கண்ணாடி அலமாரியில் ஒரு வரிசை நிரந்தரமாகிவிட்டது. பச்சைத் தேயிலைச் சாறு, திராட்சை விதைச் சாறு, மிளகு சேர்த்த மஞ்சள். அட்டையில் ஒட்டிய வயிறு, பக்கத்தில் ‘கொழுப்பு வளர்சிதை மாற்றத்துக்கு உதவும்’ என்றொரு வரி. இவை எல்லாவற்றிலும் இருக்கும் சரக்கு பாலிஃபீனால். பூச்சி, கிருமி, கடும் வெயில் ஆகியவற்றைச் சமாளிக்கத் தாவரங்கள் தயாரித்துக்கொள்ளும் ரசாயனக் குடும்பம் அது. தேநீரின் துவர்ப்பும் நெல்லிக்காயின் துவர்ப்பும் மஞ்சளின் நிறமும் அதன் வேலைதான்.

அட்டையில் உள்ள வரியில் உண்மை இருக்கிறது. அது எத்தனை பங்கு என்று தெரிந்துகொள்ள, கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டுப் பக்கம் போய்வருவோம்.

உக்கிராணம்: கொழுப்பு செல்

ஆயிரம் பேர் சாப்பிடும் கல்யாணம். மளிகை மூட்டைகள் உக்கிராண அறையில் அடுக்கியிருக்கின்றன. உடம்பில் அந்த அறை கொழுப்பு செல். சாப்பிட்டதில் செலவானது போக மிச்சம், டிரைகிளிசரைடு மூட்டையாகக் கட்டப்பட்டு அங்கே போய்ச் சேர்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கும்.

உக்கிராணச் சாவி வைத்திருப்பவர் இருவர் பேச்சைத்தான் முக்கியமாகக் கேட்பார். ஒருவர் இன்சுலின், பெண்வீட்டுப் பெரியவர். வண்டியில் சரக்கு வந்து இறங்கும்போதெல்லாம் “உள்ளே வை, பூட்டு” என்பார். மற்றவர் நோர்அட்ரினலின், ஓடி வரும் எடுபிடிப் பையன். “அண்ணே, பருப்பு மூட்டையை எடுங்க” என்பான். காலையில் இட்லி, பதினோரு மணிக்கு டீயும் பஜ்ஜியும், மத்தியானம் சாதம், சாயங்காலம் பிஸ்கட் என்று வண்டி வந்துகொண்டே இருந்தால் பெரியவர் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். நடக்கும்போதும் சாப்பிட்டு வெகுநேரம் ஆனபிறகும் பையன் குரல் எடுபடும். அப்போது மூட்டை பிரிபடுகிறது. கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்க, அல்புமின் என்ற புரதம் அவற்றைத் தோளில் சுமந்து செல்கிறது.

வாசல், அடுப்பு, பந்தி

சுமை போய்ச் சேரும் சமையற்கட்டு, தசை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அதன் வாசலில் மலோனைல் கோ-ஏ என்றொரு காவல்காரர். மாவுச்சத்து தாராளமாக வந்துகொண்டிருக்கும் வரை கொழுப்பை உள்ளே விடமாட்டார். செல்லில் ஆற்றல் குறைந்து அண்டாவில் அடி தெரிய ஆரம்பித்தால் ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொள்ளும். இதுதான் தலைமைச் சமையற்காரர். காவல்காரரை நகர்த்திவிட்டு மூட்டையை உள்ளே வாங்குவார்.

அடுப்பில் வெந்து வருவது ஏ.டி.பி. என்ற ஆற்றல். இதைச் சமைத்துக் குவித்து வைக்க முடியாது, வேண்டும்போது வேண்டிய அளவுதான் சமைக்கலாம். எனவே எவ்வளவு எரியும் என்பதைப் பந்தியில் விழும் இலைகள்தான் தீர்மானிக்கின்றன. இலை போடுவது தசைகளின் வேலை, இதயத் துடிப்பு, மூச்சு, உடல் சூடு எல்லாம் சேர்ந்து.

கேப்சூல் கை வைக்கும் இடங்கள்

முதல் இடம், எடுபிடிப் பையன். அவன் கத்தி முடித்ததும் ஓரமாக அனுப்பிவிட சி.ஓ.எம்.டி. என்ற நொதி இருக்கிறது. பச்சைத் தேயிலையின் முக்கியப் பாலிஃபீனாலான இ.ஜி.சி.ஜி. ஆய்வுக்கூடச் சோதனையில் இந்த நொதியைத் தடுக்கிறது. பையன் இன்னும் கொஞ்ச நேரம் கத்துவான் என்பது எதிர்பார்ப்பு. 1999-இல் ஜெனீவாவில் அப்துல் துல்லூ குழுவினர் 10 ஆண்களை மூடிய அறையில் வைத்து 24 மணி நேரம் அளந்தார்கள். தேயிலைச் சாறு எடுத்த நாளில் ஆற்றல் செலவு 4 சதவீதம் கூடியது. அது 80 கலோரிக்குச் சற்றுக் குறைவு, கிட்டத்தட்ட ஓர் இட்லி. அதே அளவு காஃபீனை மட்டும் கொடுத்தபோது அந்த மாற்றம் இல்லை. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டின் அலசலில், காஃபீன் தனியாகவே ஏறக்குறைய அதே செலவைக் காட்டியது. பெருமையில் தேயிலைக்கு எத்தனை பங்கு, காஃபீனுக்கு எத்தனை பங்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டாவது இடம், தலைமைச் சமையற்காரர். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால் அவரைத் தட்டி எழுப்புவதாக ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. 2011-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் உடல்பருமன் உள்ள 11 ஆண்களுக்கு தினம் 150 மில்லிகிராம் வீதம் 30 நாள் கொடுத்தார்கள். கல்லீரல் கொழுப்பு குறைந்தது, தசை மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு மேம்பட்டது. எடை குறையவில்லை. தூக்கத்தில் ஆற்றல் செலவு கூடவேண்டியதற்குப் பதில் குறைந்தது. 2013-இல் டென்மார்க்கில் பத்து மடங்கு அளவு கொடுத்துப் பார்த்தும் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை.

தராசு என்ன சொல்கிறது? பச்சைத் தேயிலை ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கையில், ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளின் சராசரி வித்தியாசம் 40 கிராம்.

உக்கிராணத்தில் அவ்வளவு சத்தம் கேட்டும் மூட்டை ஏன் குறையவில்லை? பையன் கூடுதலாகக் கத்தி நாலு மூட்டையை வெளியே எடுக்க வைக்கலாம். பந்தியில் இலை கூடவில்லை என்றால் அவை தாழ்வாரத்தில் கிடந்துவிட்டு, அடுத்த வண்டி வந்ததும் பழைய இடத்துக்கே திரும்பும். உடலும் அப்படித்தான், வெளியே விட்ட கொழுப்பு அமிலத்தில் எரியாததை மறுபடி டிரைகிளிசரைடாகக் கட்டி வைத்துவிடுகிறது. ‘கொழுப்பு வெளியேறியது’, ‘கொழுப்பு எரிந்தது’, ‘கொழுப்பு குறைந்தது’ மூன்றும் மூன்று வேறு கணக்கு. அட்டைகள் முதலிரண்டைக் காட்டி மூன்றாவதை விற்கின்றன.

பின்வாசல்

பெரும்பாலான பாலிஃபீனால்கள் சமையற்கட்டு வரைகூட வந்து சேர்வதில்லை. குடலும் கல்லீரலும் அவற்றை அந்நியச் சரக்கு என்று சீட்டு ஒட்டிப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் மஞ்சளின் பாலிஃபீனாலான குர்குமினை 2 கிராம் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது தென்படவேயில்லை என்று சொல்லும் அளவுக்குச் சொற்பமாக இருந்தது. 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து, கூடச் சேர்ந்ததும் உடலுக்குக் கிடைத்த அளவு 2,000 சதவீதம் உயர்ந்தது. மஞ்சள் கேப்சூலில் மிளகு குடிவந்த கதை இதுதான்.

ஆனால் மிளகு அடைக்கும் அதே பின்வாசல் வழியாகத்தான் பல மருந்துகளும் வெளியேறுகின்றன. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் புரப்ரனலால் ஆகியவற்றின் ரத்த அளவு பைப்பரினால் உயர்வது மனிதர்களிடமே பார்க்கப்பட்டிருக்கிறது. நம் பகுதியில் இதை அலட்சியப்படுத்த முடியாது. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் பங்கேற்ற 2020-ஆம் ஆண்டின் மாநில ஆய்வில், தமிழகத்துப் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தமும் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரையும் இருந்தன. எடை குறைக்க கேப்சூல் தேடுகிறவர் வீட்டில் மாத்திரை டப்பா பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்.

கல்லீரலுக்கும் ஓர் எல்லை உண்டு. பச்சைத் தேநீராகக் குடிப்பவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 90 முதல் 300 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி. கிடைக்கிறது. சப்ளிமென்டாக 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. தேயிலைப் பாலிஃபீனால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்காமல் இருப்பது நல்லது.

இலை போடுகிற வழி

பந்தியைப் பெரிதாக்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற அதிக எடையுள்ள 578 சென்னைவாசிகளிடம் நடத்திய ஆய்வு அது. ஒரு பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி வகுப்புகள் நடந்தன, தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் சேர்ந்தது. மூன்று ஆண்டுகளில் அவர்களிடம் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 32 சதவீதம் குறைந்தது. முடிவுகள் 2016-இல் வெளியாயின.

கேப்சூல் நல்ல நாளில் தரும் 80 கலோரியை, எழுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இருபது நிமிடம் வேகமாக நடந்தே செலவழித்துவிடலாம். அந்த நேரத்தில் பெரியவர் குரல் தணிகிறது, பையன் குரல் உயர்கிறது, சமையற்காரர் தாமே விழிக்கிறார், இலையும் விழுகிறது. பாலிஃபீனாலுக்கு நெல்லிக்காயும் சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் சர்க்கரை போடாத தேநீரும் போதும்.

அப்படியும் வாங்குகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும். தினசரி அளவில் இ.ஜி.சி.ஜி. எத்தனை மில்லிகிராம் என்று தேடுங்கள், மிளகுச் சத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அந்த டப்பாவையே கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். தொடங்கும் நாளில் இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. மூன்று மாதத்தில் டேப் அசையவில்லை என்றால் அடுத்த டப்பாவுக்கான காசில் நல்ல நடைக் காலணி வாங்கலாம்.