தென்னாப்பிரிக்காவில் மார்மன் சபை: பிந்தித் திறந்த கதவு

ஒரு சமயம் ஒரு நாட்டுக்குள் வந்து சேர்வது ஒன்று, அந்த மண்ணின் மக்கள் அதைத் தமதென்று ஏற்று நடத்துவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே எத்தனை காலம் கழியக்கூடும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் மார்மன் சபை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அங்கு அச்சபையின் ஊழியர்கள் முதன்முதலாகக் கால் வைத்தது 1853-இல் என்றாலும், நாட்டின் பெரும்பான்மையினரான கறுப்பின மக்கள் அதில் முழு உரிமையுடன் இடம்பெற 125 ஆண்டுகள் ஆயின.

மார்மன்கள் என்று பரவலாக அறியப்படுவோரின் சபைக்குப் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது முறையான பெயர். 2018 முதல் சபைத் தலைமை இந்த முழுப் பெயரையே பயன்படுத்துமாறு வலியுறுத்தி வருகிறது. 1830-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய இச்சபை, விவிலியத்தோடு 'மார்மன் புத்தகம்' என்னும் நூலையும் வேதமாகக் கொள்கிறது. 1844-இல் ஸ்மித் கொல்லப்பட்ட பின், பிரிகாம் யங்கின் தலைமையில் சபையாரில் பெரும்பகுதியினர் மேற்கு நோக்கிப் பயணமாகி, 1847-இல் இன்றைய யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினர்.

தென்னாப்பிரிக்காவில் இச்சபையின் வரலாற்றுப் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது 1852-ஆம் ஆண்டு. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் வழங்கப்படாது என்று பிரிகாம் யங் வெளிப்படையாக அறிவித்ததும், பலதார மணம் தம் கோட்பாடுகளுள் ஒன்று எனச் சபை உலகறிய ஒப்புக்கொண்டதும், ஜெஸ்ஸி ஹேவன் உள்ளிட்ட மூன்று ஊழியர்களைக் கேப் டவுனுக்கு அனுப்பத் தீர்மானித்ததும் அந்த ஓராண்டிலேயே நிகழ்ந்தன. இம்மூவர் நடத்திய கூட்டங்கள் கும்பல்களால் கலைக்கப்பட்டன. பலதார மணம் பற்றிய செய்தி எதிர்ப்பை மேலும் வளர்த்தது. இவற்றையும் மீறிச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் குடியேறிகள், யூட்டாவில் வந்து கூட வேண்டும் என்ற அக்காலப் போதனைப்படி கப்பலேறிவிட்டனர். சேர்ந்தவர்கள் நாட்டைவிட்டே போய்விட்டதால் சபை அங்கு வேரூன்றவில்லை. 1865-இல் மூடப்பட்ட பணி 1903-இல்தான் மீண்டும் தொடங்கியது.

ஆசாரியத்துவத் தடையின் கடுமையை உணர, அச்சபையில் அது வகிக்கும் இடத்தை அறிய வேண்டும். உள்ளூர் அளவில் ஊதியம் பெறும் குருமார் அங்கு இல்லை. தகுதியுடைய ஒவ்வோர் ஆணும், சிறுவர் பருவத்திலிருந்தே, படிப்படியாக இப்பொறுப்பை ஏற்று, திருவிருந்து பரிமாறுவது முதல் சபையை நடத்துவது வரையிலான பணிகளைச் செய்கிறார். அது மறுக்கப்பட்டவருக்கு அன்றாட வழிபாட்டுப் பணிகூடக் கிடையாது. ஆலயங்களில் நடைபெறும் உயர்ந்த சடங்குகளும் கறுப்பின ஆண், பெண் இருபாலருக்கும் மறுக்கப்பட்டன. கேப் டவுனைச் சேர்ந்த கலப்பினத்தவரான வில்லியம் டேனியல்ஸ் இந்த நிலையிலும் விசுவாசத்தைக் கைவிடாமல், 1920களிலிருந்து தம் வீட்டிலேயே 'அன்பின் கிளை' என்ற சிறு குழுவைக் கூட்டி வழிபாடு நடத்திவந்தார். ஆசாரியத்துவம் பெறாமலே 1936-இல் இறந்தார். வெள்ளையராகக் கருதப்பட்டவர்கள்கூடத் தம் முன்னோர் ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என வம்சாவளி காட்டி நிரூபித்த பிறகே ஆசாரியத்துவம் பெற முடிந்தது. 1954-இல் தென்னாப்பிரிக்கா வந்த சபைத் தலைவர் டேவிட் மெக்கே அந்த நிபந்தனையை நீக்கினார், எனினும் அடிப்படைத் தடை நீடித்தது. ஆப்பிரிக்காவின் முதல் 'ஸ்டேக்', அதாவது பல உள்ளூர்ச் சபைகளை ஒருங்கிணைக்கும் நிர்வாக அலகு, 1970-இல் அமைந்ததும், மார்மன் புத்தகம் 1972-இல் முதலில் வெள்ளையரில் பலர் பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வந்ததும், சபை அப்போது யாருடையதாக இருந்தது என்பதைச் சொல்லும்.

1978 ஜூன் மாதத்தில், தலைவர் ஸ்பென்சர் கிம்பல் தாம் பெற்றதாகக் கூறிய இறை வெளிப்பாட்டின் அடிப்படையில், இனவேறுபாடின்றித் தகுதியுள்ள எல்லா ஆண்களுக்கும் ஆசாரியத்துவம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே காத்திருந்தவர்களுள் ஒருவர் ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள சொவெட்டோவைச் சேர்ந்த மோசஸ் மஹ்லாங்கு. 1960களில் மார்மன் புத்தகத்தைப் படித்து ஞானஸ்நானம் கேட்ட அவர், பொறுத்திருக்கும்படி சொல்லப்பட்டு, வெள்ளையர் கூடிய வழிபாட்டுக் கூடத்தின் வெளியே அமர்ந்து சன்னல் வழியே செவிமடுத்தார். 1980-இல்தான் அவர் ஞானஸ்நானம் பெற்றார். 1980களின் தொடக்கத்தில் சொவெட்டோவில் கிளைச் சபை உருவானது. மார்மன் புத்தகம் ஜூலு, கோசா மொழிகளிலும் வெளிவந்தது. ஆலயச் சடங்குகளுக்காக ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செல்ல வேண்டியிருந்த நிலை, 1985-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்காவின் முதல் மார்மன் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டதும் மாறியது. 2020-இல் டர்பனிலும் ஓர் ஆலயம் எழுந்தது.

இச்சபையின் சில கூறுகள் ஆப்பிரிக்க வாழ்வோடு இயல்பாகப் பொருந்துகின்றன. முன்னோரைக் குடும்பத்தின் பிரியாத உறுப்பினராகவே கருதும் ஜூலு, கோசா மரபினருக்கு, இறந்த மூதாதையரின் சார்பில் உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறும் ஆலயச் சடங்கு, அவர்களை வழிபடுவதிலிருந்து வேறுபட்டதே ஆனாலும், அந்நியமாகத் தோன்றுவதில்லை. மது, புகையிலை, காப்பி, தேயிலை ஆகியவற்றுக்கான விலக்கு கடுமையானது என்றாலும், தேயிலைச் செடியிலிருந்து வராத தென்னாப்பிரிக்காவின் ரூயிபாஸ் பானம் அதில் அடங்காது. உரசல் எழும் இடம் 'லொபோலா' எனப்படும் மணக்கொடை. மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்கு முன்பு கால்நடையாகவும் இப்போது பெரும்பாலும் பணமாகவும் அளிக்கும் இவ்வழக்கம், பணம் சேரும்வரை இளைஞர்களின் திருமணத்தைத் தள்ளிப்போடுகிறது என்று கூறி, அதைக் கைவிடும்படி 2010-இல் சபையின் திருத்தூதர்களுள் ஒருவரான டாலின் ஓக்ஸ் அறிவுறுத்தினார். இரு குடும்பங்களை இணைக்கும் மரியாதையாக அதைக் காணும் பெற்றோர் சபைக்கு வெளியே இருக்கும்போது, இளம் உறுப்பினர் ஒருவருக்கு இந்த அறிவுரையைப் பின்பற்றுவது எளிதன்று.

இன்று அந்நாட்டின் பதிவேட்டில் 60,000-க்கும் அதிகமான உறுப்பினர்கள் உள்ளனர். ஏறக்குறைய 6 கோடி மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவே இது. வழிபாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களும் பதிவேட்டில் தொடர்வதால், இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து வளர்ச்சியை அளந்துவிட முடியாது. ஒரு காலத்தில் சன்னலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் இன்று ஆயர்களாகவும் ஊழியர்களாகவும் பணியாற்றுவதே உண்மையான மாற்றம். பழைய தடையை நியாயப்படுத்தச் சொல்லப்பட்ட இனவாத விளக்கங்களை 2013-இல் சபை வெளிப்படையாக நிராகரித்தது. அந்த நிராகரிப்பு முழுப் பொருள் பெறுவது, லொபோலா போன்ற கேள்விகளில் இறுதிச் சொல்லைச் சபையின் தலைமையகம் உள்ள சால்ட் லேக் நகரம் மட்டும் உரைக்காமல், சொவெட்டோவும் டர்பனும் அந்த முடிவில் பங்கேற்கும்போதுதான். உறுப்பினர் தொகையைவிட, அத்தகைய பங்கேற்பே தென்னாப்பிரிக்காவில் இச்சபையின் வருங்காலத்தைத் தீர்மானிக்கும்.