53 டாலர் யாருக்கும் வரவில்லை: சிப் கம்பெனி இணைப்பை நம்பிப் பங்கு வாங்குவோர் கவனத்துக்கு

2022 பிப்ரவரி 15 அன்று இஸ்ரேலின் டவர் செமிகண்டக்டர் கம்பெனியைப் பங்குக்கு 53 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கப்போவதாக இன்டெல் அறிவித்தது. மொத்தம் 540 கோடி டாலர். அதுவரை 33 டாலர் பக்கம் இருந்த பங்கு துள்ளி ஏறியது. ஆனால் 53-ஐத் தொடவில்லை. அந்த இடைவெளியைச் சும்மா கிடக்கிற லாபம் என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. ஒன்றரை வருஷம் கழித்து, 2023 ஆகஸ்ட் 16 அன்று, சீனாவின் அனுமதி கெடுவுக்குள் வராததால் ஒப்பந்தம் முறிந்தது. பங்கு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. இன்டெல் கட்டிய 35.3 கோடி டாலர் முறிவுத் தொகை டவரின் கஜானாவுக்குப் போனது. பங்குதாரர் கையில் அதிலிருந்து ஒரு சென்ட்கூட விழவில்லை.

செல்போன் ஆப்பிலேயே அமெரிக்கப் பங்கு வாங்கலாம் என்றான பிறகு இந்தத் தவறு நம் ஊர்களிலும் நடக்கிறது. செய்தித் தலைப்பைப் பார்க்கிறார்கள், யூடியூபில் ஒருவர் சொல்வதைக் கேட்கிறார்கள், வாங்கிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தைப் படிப்பவர் அபூர்வம்.

கணக்கு எளிது. டவர் பங்கை 47 டாலருக்கு வாங்கியிருந்தால், இணைப்பு நடந்தால் லாபம் 6 டாலர். நடக்காமல் பங்கு 33-க்கு இறங்கினால் நஷ்டம் 14 டாலர். 47 என்ற அந்த விலையே, ஒப்பந்தம் முறிய பத்தில் மூன்று வாய்ப்பிருப்பதாகச் சந்தை சொல்வதற்குச் சமம். இதைத் தொழிலாகவே செய்யும் பெரிய ஃபண்டுகள் பல ஒப்பந்தங்களில் பணத்தைப் பிரித்துப் போடுகின்றன. பங்குக்குப் பங்கு மாற்றும் இணைப்பென்றால் வாங்கும் கம்பெனியின் பங்கை ஷார்ட் அடித்து, அதாவது கடன் வாங்கி விற்று, தற்காத்துக்கொள்கின்றன. ஷார்ட் அடிக்க மார்ஜின் என்ற பிணைப்பணம் வேண்டும்; நாம் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் வெளிநாட்டு மார்ஜினுக்குப் பணம் அனுப்ப அனுமதியே இல்லை. அந்தத் தற்காப்பு இங்கிருந்து வாங்குபவருக்குக் கிடையாது.

மற்றத் துறைகளைவிட சிப் துறையில் ஆபத்து கூடுதல். இந்தக் கம்பெனிகள் பலவற்றின் விற்பனையில் கணிசமான பகுதி சீனாவில் நடப்பதால், இரண்டு கம்பெனிகளும் சீனாவுக்கு வெளியே இருந்தாலும் பெய்ஜிங்கின் சந்தை ஒழுங்குமுறை நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். அது பல நேரம் முடியாது என்றும் சொல்வதில்லை, முடியும் என்றும் சொல்வதில்லை; கோப்பு கிடக்கிறது, கெடு தாண்டுகிறது. குவால்காம், இன்னொரு சிப் கம்பெனியான என்எக்ஸ்பியை வாங்க 2016 அக்டோபரில் பங்குக்கு 110 டாலர் என்றது, 2018-ல் 127.50 ஆக உயர்த்தியது. ஒன்பது நாட்டு அமைப்புகளில் எட்டு சரி என்றன. சீனா வாய் திறக்கவில்லை. 2018 ஜூலையில் 200 கோடி டாலர் முறிவுத் தொகை கட்டிவிட்டுக் குவால்காம் விலகியது.

அனுமதி வந்துவிட்டால் தப்பித்தோம் என்பதும் தவறு. மேக்ஸ்லீனியர் என்ற சிப் கம்பெனி, சிலிக்கான் மோஷனை வாங்கும் ஒப்பந்தத்துக்கு 2023 ஜூலை 26 அன்று சீனா அனுமதி கொடுத்தது. நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று சொல்லி அதே நாளில் மேக்ஸ்லீனியர் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. விவகாரம் சிங்கப்பூர் நடுவர் மன்றத்துக்குப் போனது. அனுமதிச் செய்தியைக் கேட்டு ஓடிப்போய் வாங்கியவர் அன்றைக்கே நஷ்டம் கண்டார்.

ஆகவே வாங்குமுன் படிக்க வேண்டியது இதுதான். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசியின் இணையதளத்தில் எட்கர் என்ற ஆவணக் களஞ்சியம் இருக்கிறது. இலவசம். கம்பெனி பெயரைக் கொடுத்து, இணைப்பு அறிவித்த நாளையொட்டித் தாக்கலான 8-கே படிவத்தைத் திறக்க வேண்டும். டவர், சிலிக்கான் மோஷன் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அது 6-கே. இணைப்பு ஒப்பந்தம் 8-கேயின் பின்னிணைப்பு 2.1 ஆக இருக்கும். நூறு பக்கத்தையும் படிக்க முடியாவிட்டால் மூன்றையாவது தேடுங்கள். முதலாவது, ‘அவுட்சைட் டேட்’ அல்லது ‘எண்ட் டேட்’ என்ற கடைசிக் கெடுவும், அது எத்தனை முறை தானாக நீளும் என்பதும். இரண்டாவது, எந்தெந்த நாட்டின் அனுமதி நிபந்தனை என்ற பட்டியல். அதில் சீனா இருந்தால் கெடுவை இன்னொரு முறை பாருங்கள். மூன்றாவது, விலை ரொக்கமா பங்கா என்பது.

பங்கென்றால் டாலர் மதிப்பு நிலையானதல்ல. ஏஎம்டி 2020 அக்டோபரில் ஜைலிங்ஸ் பங்கு ஒன்றுக்கு 1.7234 ஏஎம்டி பங்கு என்றது. 2022 பிப்ரவரி 14-ல் இணைப்பு முடிந்தது. இடைப்பட்ட பதினாறு மாதமும் ஏஎம்டி விலையோடு சேர்ந்து அந்த மதிப்பும் ஏறி இறங்கியது. பத்துப் பங்கு வைத்திருந்தவருக்கு 17 பங்கு. மிச்சமிருந்த பின்னத்துக்குப் பணம்.

இணைப்பு பற்றிய பங்குதாரர் வாக்கெடுப்புக்கு வரும் அறிக்கை எட்கரில் டெஃப்எம்14ஏ என்ற பெயரில் இருக்கும், பங்கு கொடுக்கும் இணைப்புக்கு எஸ்-4. டெலவேரில் பதிவான கம்பெனியில் வாக்களிக்காமல் விட்டால் எதிர்வாக்குக்குச் சமம். விலை போதாது என்று நீதிமன்ற மதிப்பீடு கோருபவர், வாக்கெடுப்புக்கு முன்பே அந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். ரொக்கமா பங்கா என்று தேர்வு கேட்டு புரோக்கரிடமிருந்து மின்னஞ்சல் வந்தால் கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். விட்டால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கிடைக்கும்.

வரி விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கம்பெனி இணைப்பில் பங்கு மாறினால் வரி இல்லை என்ற விலக்கு, மிஞ்சி நிற்கும் கம்பெனி இந்தியக் கம்பெனியாக இருந்தால்தான். ஜைலிங்ஸ் போய் ஏஎம்டி வந்தது போன்ற மாற்றத்தை, கையில் ஒரு ரூபாய் வராவிட்டாலும், விற்பனையாகக் கருத இடமிருக்கிறது. மாறிய தேதி, விகிதம், அன்றைய விலை மூன்றையும் ஆடிட்டரிடம் கொடுங்கள். வெளிநாட்டுப் பங்கு வைத்திருப்பவர் ஐடிஆர்-1 தாக்கல் செய்யவே கூடாது. வருமான வரி ரிட்டர்னின் ஷெட்யூல் எஃப்ஏ-வில், ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒருநாள் மட்டும் வைத்திருந்த பங்கையும், விற்றுவிட்டிருந்தாலும், காட்ட வேண்டும். அசையாச் சொத்தல்லாத வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டி, அதைக் காட்டாமல் விட்டால், கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. விளம்பரத்தில் இதைப் பெரிய எழுத்தில் சொல்லும் ஆப் ஒன்றைக் காண்பது அரிது.

இணைப்பு முறிந்த நஷ்டத்துக்கு எந்த அலுவலகத்திலும் நிவாரணம் கிடையாது. அமெரிக்காவின் எஸ்ஐபிசி என்ற அமைப்பு தரும் காப்பு, புரோக்கர் திவாலானால் 5 லட்சம் டாலர் வரை உதவும். விலை வீழ்ச்சிக்கு உதவாது. உத்தரவை நிறைவேற்றவில்லை, பங்கு கணக்கில் ஏறவில்லை என்பது போன்ற புகார் அமெரிக்க புரோக்கர் மீதென்றால், புரோக்கர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்புக்கு எழுதலாம். அந்தப் புரோக்கர் பதிவானவரா என்பதை ஃபின்ராவின் புரோக்கர்செக் பக்கத்தில் பணம் அனுப்புமுன் பார்த்துக்கொள்ளலாம். பணம் அனுப்பிய வங்கி மீது குறையென்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார், 30 நாளில் பதிலில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். இந்தப் புகார்களுக்கு, பணம் அனுப்பும்போது வங்கியில் கொடுத்த ஏ2 படிவத்தின் நகலும் புரோக்கர் தந்த வர்த்தக உறுதிச்சீட்டும் உதவும். கணக்கை மூடுமுன் அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.