கொல்லாமல் கொல்லும் நஞ்சு

உழவர் பல மாதங்கள் பாடுபட்டு வளர்த்த பயிரைப் பூச்சிகள் சில நாள்களிலேயே அழித்துவிடக்கூடும். அதனால்தான் பூச்சிக்கொல்லி மருந்துகள் வேளாண்மையில் இடம்பெற்றன. ஆனால், தோட்டத்திற்கு வரும் எல்லாப் பூச்சிகளும் பயிருக்குப் பகையல்ல. பூசணி, வெள்ளரி, தர்ப்பூசணி போன்றவை காய்ப்பதற்குத் தேனீக்கள் பெரிதும் உதவுகின்றன. அவை மலருக்கு மலர் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. பகைப்பூச்சிக்காகத் தெளிக்கப்படும் மருந்து, இந்த நட்புப்பூச்சியை என்ன செய்கிறது?

மருந்து பட்ட தேனீ உடனே சாகவில்லை என்றால், அதற்குத் தீங்கு நேரவில்லை என்று நாம் எண்ணக்கூடும். அறிவியல் ஆய்வுகள் இவ்வெண்ணம் தவறு என்பதைக் காட்டியுள்ளன.

1990களில் நியோனிகோட்டினாய்டு என்னும் வகையைச் சேர்ந்த பூச்சிக்கொல்லிகள் புழக்கத்திற்கு வந்தன. இவற்றை விதையின் மேல் பூசி விதைப்பதுண்டு. விதை முளைத்துச் செடியாகும்போது, மருந்து தண்டு, இலை, மலர் என எல்லாப் பகுதிகளுக்கும் பரவுகிறது. மகரந்தத்திலும் மலர்த்தேனிலும்கூட மிகச் சிறிய அளவில் கலந்துவிடுகிறது. தேனீ அதை உண்ணும்போது, மருந்து அதன் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. நினைவாற்றல், கற்கும் திறன், திசையறியும் திறன் ஆகியவை பாதிக்கப்படுகின்றன.

தேனீக்குத் திசையறிவு உயிர் போன்றது. உணவு தேடிப் பறக்கும் தேனீ, சூரியன் இருக்கும் நிலையையும் வழியிலுள்ள மரம், கட்டடம் போன்ற அடையாளங்களையும் கொண்டு கூட்டிற்குத் திரும்புகிறது. பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. அவர்கள் 600க்கும் மேற்பட்ட தேனீக்களின் முதுகில் மிகச் சிறிய மின்னணு வில்லைகளை ஒட்டினர். ஒரு பகுதித் தேனீக்களுக்கு மருந்து கலந்த சர்க்கரை நீரும், மற்றவற்றுக்கு வெறும் சர்க்கரை நீரும் கொடுத்து, கூட்டிலிருந்து தொலைவில் விட்டனர். கொடுத்த மருந்தின் அளவு உயிரைப் பறிக்கக்கூடியதன்று. ஆயினும், மருந்து உண்டவற்றுள் பல வீடு திரும்பவில்லை. பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்டவற்றுள் காணாமற்போனவை மேலும் மிகுதி. வழி தவறிய தேனீ தனியாக நெடுநாள் வாழ முடியாது. அதனை மருந்து நேரடியாகக் கொல்லவில்லை. ஆனாலும், அதன் சாவுக்கு மருந்தே காரணமாகிறது.

பாதிப்பு கூட்டிற்கு வெளியே மட்டும் நிகழ்வதில்லை. தேனீ முட்டையிலிருந்து புழுவாகி, பின்னர்க் கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய 21 நாள்களில் முழு வளர்ச்சி பெற்ற வேலைக்காரத் தேனீயாக வெளிவருகிறது. அதுவரை அதற்கு ஏற்ற வெப்பமும் உணவும் வேண்டும். அவற்றைத் தருபவை மூத்த தேனீக்களே. பம்பிள்பீ என்பது உருவில் பெரிய, உடலெங்கும் மயிர் அடர்ந்த ஒரு தேனீ இனம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தேனீக்களைக் கூட்டினுள் இரவும் பகலும் கண்காணித்தனர். மருந்து உண்ட தேனீக்கள் குஞ்சுகளைப் பேணும் பணியைக் குறைத்துக்கொண்டு, கூட்டின் ஓரத்தில் அசையாமல் கிடந்தன. கூட்டின் வெப்பத்தைக் காக்கும் பணியும் தடைப்பட்டது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாய்வு, பெரியவற்றின் நடத்தை மாறினால் இளையவற்றின் வளர்ச்சிக்கும் ஆபத்து நேரும் என்பதை உணர்த்துகிறது.

இதன் முடிவு அடுத்த தலைமுறையில் தெரிகிறது. ஸ்காட்லாந்தில் நடந்த மற்றோர் ஆய்வில், மருந்து உண்ட பம்பிள்பீ கூடுகளில் 85 விழுக்காடு குறைவாகவே புதிய ராணித் தேனீக்கள் தோன்றின. குளிர்காலத்தில் பழைய கூடு அழிந்துவிடும். ராணிகளே எஞ்சியிருந்து அடுத்த ஆண்டில் புதிய கூடுகளை அமைக்கும். ராணிகள் குறைந்தால் அவ்வினமே குறையும்.

இத்தகைய சான்றுகளை ஆராய்ந்த ஐரோப்பிய ஒன்றியம், இவ்வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளின் பயன்பாட்டை 2013ஆம் ஆண்டில் கட்டுப்படுத்தியது. 2018ஆம் ஆண்டில், நிரந்தரக் கண்ணாடிக் கூடங்களுக்கு வெளியே அவற்றைப் பயன்படுத்த முற்றிலும் தடை விதித்தது.

மலேசியாவில் ‘கெலுலுட்’ எனப்படும் கொசுத்தேனீக்களைப் பலர் தேனுக்காக வளர்க்கின்றனர். இவையும் அருகிலுள்ள தோட்டங்களின் மலர்களையே நம்பி வாழ்கின்றன. பூச்சிகளைக் கட்டுப்படுத்தாமல் உழவர்களால் இருக்க முடியாது. ஆனால், செடி பூத்திருக்கும் காலத்தில் மருந்து தெளிப்பதைத் தவிர்க்கலாம். தேவைப்பட்டால், தேனீக்கள் கூட்டிற்குத் திரும்பிய பின் மாலையில் தெளிக்கலாம். புட்டியில் குறிப்பிடப்பட்டுள்ள அளவை மீறாமல் இருக்கலாம். ஒரு மருந்து பாதுகாப்பானதா என்பதை அறிய, எத்தனை உயிர்கள் மடிந்தன என்று எண்ணினால் மட்டும் போதாது. எஞ்சிய உயிர்கள் இயல்பாக வாழ்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும்.