“இல்லை”ன்னு சொல்வாங்கன்னு தெரிஞ்சே ஏன் க்யூவில் நிற்கணும்?

ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு நாள் விவாதம். தன்பாலினத் திருமணம் பற்றித்தான். நண்பன் ஒருத்தன் கேட்டான்: “உப்புக்கு வரி போட்டா, கடற்கரைக்குப் போய் உப்பு அள்ளி அந்தச் சட்டத்தை மீறலாம். கல்யாணச் சட்டத்தை எப்படிடா மீறுவ? அது உன்னைத் தடுக்கிற சட்டம் இல்ல, உனக்குத் தராத சட்டம்.”

நல்ல கேள்வி. அப்போ என்கிட்ட பதில் இல்லை. அப்புறம் தேடிப் படிச்சதை உங்களோட பகிர்ந்துக்கிறேன்.

முதலில் அடிப்படை. சட்டமறுப்புன்னா சும்மா சட்டத்தை உடைக்கிறது இல்லை. ஹெல்மெட் போடாம சந்து வழியா தப்பிச்சு ஓடுறது சட்டமறுப்பு ஆகாது! அதுக்கு மூணு நிபந்தனை உண்டு: எல்லாரும் பார்க்க வெளிப்படையா செய்யணும், யாரையும் காயப்படுத்தக் கூடாது, வர்ற தண்டனையை ஏத்துக்கணும். 1930-ல் தண்டியிலும் நம்ம வேதாரண்யத்திலும் நடந்தது அதுதான்.

இப்போ அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்குப் போவோம். அந்த நாட்டில் கல்யாணத்துக்கு முன்னாடியே உள்ளூர் அரசு அலுவலகத்தில் ‘மேரேஜ் லைசென்ஸ்’ வாங்கணும். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் போனால் கிடைக்கும். இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ போனால், 2014 அக்டோபர் வரை அங்கே கிடைக்கவில்லை. இது வெறும் காகிதம்தானேன்னு நினைக்காதீங்க. வாழ்க்கைத்துணைக்கான காப்பீடு, வாரிசுரிமை, பென்ஷன், குழந்தை மீதான பெற்றோர் உரிமை எல்லாம் அந்தக் காகிதத்தோடு சேர்ந்து வருபவை.

2011 அக்டோபரில் ஆஷ்வில் நகரில் ஒரு இயக்கம் தொடங்கியது. தன்பாலின ஜோடிகள் நல்ல உடை உடுத்திக்கொண்டு அலுவலகத்துக்குப் போவார்கள். படிவத்தை நிரப்பி கவுன்ட்டரில் நீட்டுவார்கள். “சட்டப்படி தர முடியாது” என்று பதில் வரும். திரும்ப வருவார்கள், வேறொரு நாள் மறுபடியும் போவார்கள். சில நாட்களில், மறுத்த பிறகும் வெளியேறாமல் சிலர் அங்கேயே அமைதியாக உட்கார்ந்துவிட்டார்கள். அத்துமீறல் வழக்கில் போலீஸ் கைது செய்தது. கைதானவர்களில் பாதிரியாரும் உண்டு.

நண்பன் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கு. திருமணச் சட்டத்தை நேரடியா மீற முடியாது, சரி. ஆனா அது நடத்துற மறுப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவர முடியும். அதுவரை அந்த மறுப்பு சட்டப் புத்தகத்தில் ஒரு வரி மட்டும்தான். இப்போ ஒரு ஊழியர், தன் ஊர்க்காரரின் முகத்தைப் பார்த்து வாய்விட்டு “இல்லை” என்று சொல்ல வேண்டியிருக்கு. அது ரெண்டு பேருக்குமே சுலபம் இல்லை.

இந்த முறைக்கு அதே மாநிலத்தில் ஒரு முன்னோடி உண்டு. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில், வேளாண்மை–தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உணவு கவுன்ட்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கிடைக்கவில்லை. எழுந்தும் போகவில்லை. ஜூலையில் அந்தக் கடை வழிக்கு வந்தது. நாலு பேரும் முதலாம் ஆண்டு மாணவர்கள், மக்களே!

ஆஷ்விலில் பாதை இன்னும் நீளம். 2012 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில், தன்பாலினத் திருமணத் தடையை மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். போராடியவர்களுக்கு அது பெரிய தோல்வி. ஆனாலும் க்யூ நிற்கவில்லை. 2013 அக்டோபரில் அந்த அலுவலகத்தின் பதிவாளரே ஜோடிகளின் விண்ணப்பங்களை வாங்கி வைத்துக்கொண்டு, மாநில அட்டர்னி ஜெனரலிடம் கருத்துக் கேட்டார். லைசென்ஸ் தரவில்லை, ஆனால் திருப்பியும் அனுப்பவில்லை. 2014 அக்டோபர் 10 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அதே கவுன்ட்டரில் அன்றைக்கே லைசென்ஸ் கிடைத்தது. 2015 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் நாடு முழுவதற்கும் அந்த உரிமையை உறுதி செய்தது.

“அப்போ ஜெயிச்சது கோர்ட்தானே, உட்கார்ந்தவங்க இல்லையே?” என்று கேட்கலாம். பாதி உண்மை. தீர்ப்பு எழுதியது நீதிபதிகள்தான். ஆனால் வழக்கு போட ஒரு மறுப்பு வேண்டும், மறுப்பு கிடைக்க யாராவது போய்க் கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கலான கேள்வியும் இருக்கு. 2015 தீர்ப்புக்குப் பிறகு கென்டக்கி மாநிலத்தில் கிம் டேவிஸ் என்ற அதிகாரி, தன் மத நம்பிக்கையைச் சொல்லி லைசென்ஸ் தர மறுத்து ஐந்து நாள் சிறையில் இருந்தார். இதுவும் சட்டமறுப்புதானா? வெளிப்படை, வன்முறை இல்லை, தண்டனையும் அனுபவித்தார். வித்தியாசம் கவுன்ட்டரின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில்தான். வெளிப்பக்கம் நிற்பவர் மீறினால் விலை கொடுப்பது அவர். உள்பக்கம் இருப்பவர் மீறினால் க்யூவில் நிற்பவர்களும் சேர்ந்து விலை கொடுக்கிறார்கள்.

இதே அளவுகோலை நமக்குப் பிடித்தவர்களுக்கும் வைக்கணும். 2004 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ மேயர் கேவின் நியூசம், மாநிலச் சட்டத்துக்கு மாறாக லைசென்ஸ் தரச் சொன்னார். சுமார் 4,000 ஜோடிகள் மணந்தார்கள். ஆறே மாதத்தில், அதிகாரிகள் தாங்களாகவே சட்டத்தை ஒதுக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் அத்தனை திருமணங்களையும் செல்லாது என்றது. நோக்கம் நல்லதுதான். ஆனா கல்யாணம் கலைந்தது மேயருக்கு இல்லையே!

நம்ம நாட்டில்? 2018-ல் தன்பாலின உறவு குற்றமில்லை என்றானது. 2023 அக்டோபர் 17 அன்று, திருமண உரிமையைச் சட்டமன்றங்கள்தான் தர முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, நம்ம கவுன்ட்டரில் இன்றைய பதிலும் “இல்லை”தான்.

மெஸ்ஸில் பேசும்போது நாங்க எல்லாரும் ‘அவங்க’ன்னே சொல்லிக்கிட்டு இருந்தோம். அந்த மேஜையில் யாராவது ஒருத்தர் எதுவும் பேசாம சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கலாம் என்பது எனக்கு அப்புறம்தான் உறைச்சது. அடுத்த தடவை இந்தப் பேச்சு வந்தா, அதை மனசில் வச்சுப் பேசுங்க.