அவரையும் கேளுங்கள்! அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு வரும் மறதி நோய்



சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வயதான தாயார் கண் கலங்கச் சொன்னார்: "சார், எம் பையனுக்குப் பொறப்பிலேயே டவுன் சிண்ட்ரோம். நாப்பத்தி மூணு வயசாச்சுங்க. போன வருசம் வரைக்கும் தானே குளிச்சு, சட்டைப் பொத்தானும் போட்டுக்குவான். இப்போ கூப்பிட்டாக்கூடத் திரும்பறதில்லை. இருக்கிற புத்தியும் மங்கிப் போச்சுங்களா?"

நான் அவரிடமே கேட்டேன்: "தம்பி, உங்களுக்கு என்ன சிரமம்?" சற்று நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். "சத்தம் வரல" என்றார். அதுவரை யாரும் அவரைக் கேட்கவே இல்லை!

மறதி நோய் ஏன் சீக்கிரம் வருகிறது?

மூளையின் உயிரணுக்கள் சிறுகச் சிறுக அழிந்து நினைவும் செயலும் குறைவதே மறதி நோய். 'டிமென்ஷியா' என்பதும் இதுதான். இதில் பெரும்பகுதி அல்சைமர் நோய். பொதுவாக இது 65 வயதுக்குமேல் வரும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கோ 50 வயதையொட்டியே வந்துவிடலாம். இவர்களுக்கு 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கும். மூளையில் படியும் 'அமிலாய்டு' புரதத்துக்கான மரபணுவும் அதே குரோமோசோமில்தான் உள்ளது. ஆகவே படிவு முன்கூட்டியே தொடங்குகிறது. இது யார் செய்த பாவமும் அல்ல, தாயின் குற்றமும் அல்ல.

எப்படிக் கண்டறிவது?

"இன்று என்ன தேதி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்" என்று மற்றவர்களைக் கேட்பார்கள். எண்ணவே கற்காதவரிடம் இதைக் கேட்டு என்ன பயன்? அவரை அவருடைய பழைய நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். ஆகவே 30 வயதிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தானே என்னென்ன செய்வார், எத்தனை பேரைப் பெயர் சொல்லி அழைப்பார், எது பிடிக்கும். ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை:
1. தெரிந்த வேலை கைவிட்டுப் போதல்
2. சுபாவம் மாறுதல், ஒதுங்கி இருத்தல்
3. நடை தடுமாறுதல்
4. புதிதாக வலிப்பு வருதல்

ஆனால் எல்லாமே மறதி நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காதுக் குரும்பி, கண்புரை, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, மலச்சிக்கல், நெருங்கியவர் இறந்த துக்கம் இவையும் அப்படியே காட்டும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு.

ஆராய்ச்சியிலும் அவர் குரல்

மறதி நோய்க்கான மருந்து ஆய்வுகளில் இவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் இவர்களுக்கு எது ஒத்துவரும் என்பதும் தெரியாமலே போகிறது. அயர்லாந்தில் 40 வயதைத் தாண்டிய 753 பேரைச் சேர்த்து நடத்திய தொடர் ஆய்வின் முதல் அறிக்கை 2011இல் வந்தது. கேள்விகளை வகுப்பதிலும் அவர்களிடமே யோசனை கேட்டார்கள்.

நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அவருக்குப் புரியும் வழியில் விளக்கி, அவருடைய சம்மதம் பெறாமல் ஆராய்ச்சி செய்யக்கூடாது. அனுமதி தரும் குழுவில் பாதிப் பேராவது மாற்றுத்திறனாளிகளாகவோ பதிவுபெற்ற அமைப்பினராகவோ இருக்க வேண்டும். ஆகவே யாராவது ஆய்வு என்று வந்தால், "அவரிடம் கேட்டீர்களா?" என்று முதலில் கேளுங்கள். படம் காட்டி, மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் "வேண்டாம்" என்றால் அது வேண்டாம்தான்.

அந்தப் பிள்ளையின் காதில் குரும்பி இறுகியிருந்தது. எடுத்த பிறகு, கூப்பிட்டால் திரும்புகிறார். பொத்தான் மட்டும் இன்னும் கைகூடவில்லை. தைராய்டு பரிசோதனை செய்து, தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். தாயார் இப்போது நோட்டு எழுதுகிறார், மகனைக் கேட்டுக் கேட்டு!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். டாக்டர் கேட்கும்போது நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். முதலில் அவர் பேசட்டும்.