பரணிலிருந்து இறங்கிய ரேடியோ

கொலுப் பொம்மைகளை இறக்கப் பரணில் ஏறிய என் மகன், பொம்மைகளோடு ஒரு தகரப் பெட்டியையும் இறக்கினான். திறந்து பார்த்ததும் போட்டானே ஒரு கூச்சல், அம்பத்தூர் ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும்!

“தாத்தாவோட ஏரோப்ளேன் ரேடியோ!”

என் மாமனாருக்குச் சின்னஞ்சிறு விமானங்கள் செய்து பறக்கவிடுவதில் அபாரப் பிரியம். எண்பதுகளில் வெளிநாட்டு நண்பர் ஒருவர் மூலம் தருவித்த கருவி அது. கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டர், விமானத்துக்குள் வைக்கும் ரிஸீவர், இறக்கையையும் வாலையும் அசைக்கும் சர்வோ என்ற குட்டி மோட்டார்கள் நான்கு. “ஒரு மாசச் சம்பளத்தை ஆகாசத்தில் விட்டார்” என்று மாமியார் முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பையனோ கணக்கே போட்டுவிட்டான். இரண்டு மாதமாக அவன் ஒட்டிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு இதையே பொருத்திவிட்டால் புது ரேடியோச் செலவு மிச்சமாம். மிச்சம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் எந்த இல்லத்தரசிக்குத்தான் மனம் இளகாது? ஆனாலும் ஒன்றரைக் கிலோ சாமான் ஒன்று யார் தலையிலாவது விழுந்தால்? எதிர் வீட்டு மாமாவை அழைத்தேன். கல்லூரி நாளில் என்.சி.சி. விமானப் பிரிவில் இந்தக் கலையைக் கற்றவர் அவர்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் அவர் பார்த்தது பாட்டரியைத்தான். நிக்கல்-காட்மியம் ஜாதி. முனையெல்லாம் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது. உள்ளிருந்த காரம் கசிந்து கம்பிக்குள்ளேயே ஏறி அரித்துவிடுமாம். மேலே பார்த்தால் கம்பி நன்றாகத்தான் இருக்கும். நடு ஆகாயத்தில் கைவிடும். “பாட்டரியும் அந்தக் கம்பியும் போகட்டும். ஆனால் குப்பை வண்டியில் போட்டுவிடாதே அம்மா, காட்மியம் விஷம். பழைய பாட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடு” என்றார். பழைய சார்ஜரில் இந்தக் காலத்து லித்தியம் பாட்டரியைச் செருகவே கூடாது, தீப்பிடிக்கும் என்று பையனிடம் இரண்டு தடவை சொன்னார்.

பிறகு டிரான்ஸ்மிட்டர். அதன் முதுகில் 72 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்து ரிஸீவருக்குத் தன் எஜமானர் யார் என்று தெரியாது. அதே அலைவரிசையில் எந்தக் கை பேசினாலும் கேட்கும். நீங்கள் உங்கள் விமானத்தைப் பறக்க விட்டிருக்கையில், அடுத்தவர் அதே எண்ணில் ஸ்விட்சைத் தட்டினால் தீர்ந்தது! அதற்காக மைதானத்தில் ஒரு பலகை வைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு துணிக் கிளிப் மாட்டியிருப்பார்களாம். கிளிப் யார் கையிலோ அவர்தான் ஸ்விட்சைப் போடலாம். நாம் புடைவை உலர்த்தும் கிளிப் எத்தனை விமானங்களைக் காப்பாற்றியிருக்கிறது, பாருங்கள்!

இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியோ கல்யாணம் ஆன மாதிரி. முதலிலேயே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் ரிஸீவர் வேறு குரலுக்குச் செவி சாய்க்காது. தொடர்பு அறுந்தால், முன்பே சொல்லி வைத்தபடி மோட்டாரை நிறுத்திவிடும். உரிமச் சங்கதி வேறு இருக்கிறது. 2005ல் நம் அரசாங்கம் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் உரிமம் வேண்டாமென்று விலக்களித்தது. அந்த விலக்குகளில் 72 கிடையாது.

பையன் முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் மாமா சர்வோவை எடுத்துக் காதருகே வைத்துச் சுழற்றிப் பார்த்தார். இரண்டு கரகரத்தன; பல் தேய்ந்துவிட்டது. மற்ற இரண்டும் வழவழவென்று ஓடின. ரேடியோ மாறினாலும் சர்வோவுக்குப் போகும் கட்டளை மாறவில்லையாம். ஒரு விநாடியில் ஐம்பது துடிப்பு. துடிப்பின் நீளம் ஒன்றரை மில்லி விநாடியானால் நடுவில் நிற்கும், கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் மறுபக்கம் திரும்பும். ஆகவே ஒயர் வரிசையை மட்டும் சரிபார்த்து, தாத்தாவின் சர்வோவைப் பேரனின் புது ரிஸீவரில் தாராளமாக மாட்டலாம்.

இப்போது மாமியார் வாயைத் திறந்தார். “அப்போ இந்தப் பெட்டி?”

அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937ல் ரேடியோவால் ஒரு மாதிரி விமானத்தை ஓட்டினார்கள். அந்த விமானத்தை இன்று ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்றார் மாமா. மாமியார் முந்தானையால் டிரான்ஸ்மிட்டரைத் துடைத்தார். இந்த வருஷம் எங்கள் கொலுப் பூங்காவில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் ஆண்டெனாவை நீட்டிக்கொண்டு அது நின்றது. வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்கள் எல்லாரும் கதை கேட்டார்கள்.

பறக்கவிட இடம் தேடியதுதான் பெரும் பாடு. ஆவடிப் பக்கம் திரும்பினால் டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை நிலையம். இந்தப் பக்கம் மீனம்பாக்கம். 2021ஆம் வருஷ டிரோன் விதிகளின்படி வெளியிடப்பட்ட வரைபடத்தில் சிவப்பு இல்லாத இடமாகப் பார்த்து, பூந்தமல்லி தாண்டி ஒரு பொட்டலுக்குப் போனோம். முதலில் சக்தியைக் குறைத்து வைத்து, முப்பது தப்படி நடந்து, வால் அசைகிறதா என்று சோதித்தார் மாமா. அசைந்தது.

விமானம் எழும்பி இரண்டு வட்டம் அடித்தது. மாமியார் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

“அவரோட மோட்டார் எங்கேடா இருக்கு?”

“வாலில் பாட்டி, திருப்புறதே அதுதான்!”