முகப்பரு: தோற்றமும் தீர்வும்

கட்டிளமைப் பருவத்தினரை வருத்தும் நோய்களுள் முகப்பருவும் ஒன்று. உயிருக்கு ஊறு செய்யாமையின் பெரியோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், வகுப்பிலே எழுந்து விடை பகர நாணும் மாணவர் சிலரின் கூச்சத்துக்கு இதுவும் ஒரு காரணமாதல் உண்டு. அவர் மறைவாகத் தேடும் மருந்துகளோ சிலவேளை நோயினும் கொடியனவாகின்றன. ஆதலின் இதன் இயல்பை ஆராய்தல் பயனுடைத்து.

நமது தோலின் மயிர்க்கால்களை அடுத்து நெய்ச்சுரப்பிகள் உள. முகத்திலும் மார்பிலும் முதுகிலும் இவை மிகுதி. பருவமடையுங் காலத்தில் அந்திரோசன் என்னும் ஓமோன்கள் பெருகுதலால் இவை பருத்து நெய்யை மிகுதியாகச் சுரக்கின்றன. அதேவேளை மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிருங் கலங்கள் தம்முள் ஒட்டி வழியை அடைக்கின்றன. அடைப்பின் வாய் மூடியிருப்பின் வெண்முளையும், திறந்திருப்பின் கருமுளையும் தோன்றும். அக்கருமை அழுக்கன்று, நிறப்பொருளும் ஒட்சியேற்றமுமே அதற்குக் காரணம். தேங்கிய நெய்யில், தோலில் இயல்பாகவே வாழும் பற்றீரியங்கள் பெருக, அழற்சி மிகுந்து செந்நிறப் பருவும் சீழும் உண்டாகும்.

ஓமோனின் பங்கினை 1941 இல் அமெரிக்க ஆய்வாளர் ஹமில்ரன் விளக்கினார். ஆண் ஓமோன் இன்மையால் முதிர்ச்சியடையாத ஆடவர்க்குப் பரு தோன்றாமையையும், அவ்வோமோனை அளித்தவிடத்து அது தோன்றியமையையும் அவர் எடுத்துக்காட்டினார். எனவே, பரு தூய்மையின்மையாலோ தீயொழுக்கத்தாலோ வருவதெனல் பொருந்தாது. முகத்தைப் பன்முறை தேய்த்துக் கழுவுதல் எரிச்சலையே விளைக்கும். நாளொன்றுக்கு இருமுறை மென்மையாகக் கழுவுதல் அமையும்.

உணவின் பங்கு யாது? 1969 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சொக்கொலேற்றுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்றது. ஆயின், ஒப்பீட்டுக்கென அளித்த பண்டத்திலும் கொழுப்பும் சீனியும் நிறைந்திருந்தமையால் அம்முடிபு பின்னர் ஐயுறப்பட்டது. குருதியில் வெல்லத்தை விரைந்து உயர்த்தும் உணவைக் குறைத்தல் சிலர்க்கு நலந்தருதலைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இனிச் சிகிச்சையை நோக்குவாம். இலேசான பருவுக்குப் பென்சோயில் பெரொட்சைட்டு அல்லது அடபலீன் பூச்சுப் பயன்படும். முன்னையது பற்றீரியத்தைக் கொல்லும். பின்னையது அடைப்பை நீக்கும். அழற்சி மிகின் மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அளிப்பர். அதனைத் தனியே நெடுங்காலம் வழங்கின் பற்றீரியங்கள் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். கடும் பருவுக்கு ஐசோத்திரெற்றினோயின் வலிய மருந்து. கருவிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு விளைப்பதாதலின் மருத்துவரின் மேற்பார்வையின்றி உட்கொள்ளற்பாலதன்று. எம்மருந்தும் பயன்காட்ட ஆறு முதல் பன்னிரண்டு கிழமைகள் செல்லும். இதனை அறியாதோர் சின்னாளில் வெறுத்து விடுகின்றனர்.

அவ்வாறு பொறுமை இழந்தோரையே முகத்தை வெளிறச் செய்யும் களிம்புகள் ஏமாற்றுகின்றன. அவற்றுட் சிலவற்றில் மறைந்துள்ள ஸ்ரெரோயிட்டு, முதலிற் சிவப்பைத் தணித்துப் பின்னர்த் தோலை மெலிவித்துப் புதிய பருக்களைத் தோற்றுவிக்கும். இரசம் கலந்தவை சிறுநீரகத்தையும் கெடுக்கும். பருவைக் கிள்ளுதலும் தகாது. அதனால் விளையும் தழும்பு பரு மறைந்த பின்னும் நிலைத்து நிற்கும்.

பெரும்பாலோர்க்குப் பரு இளமையோடு தணிவது. சிலர்க்கு நெடுநாள் நீடிப்பது. தழும்பு தோன்றுமுன் மருத்துவரை நாடுதல் அறிவுடைமை. பெற்றோரும் ஆசிரியரும் எள்ளி நகையாடாது இவ்வுண்மைகளை எடுத்துரைப்பின், இளைஞர் பலர் வீண் நாணத்தினின்றும் பொய் மருந்தினின்றும் காக்கப்படுவர்.